பதினாறுக்குப் பத்து அட்டை

"கணக்கு ஒன்று. தப்பு. பஸ் வந்துவிட்டது."

ஜூலை 19, 2023, புதன்கிழமை என்று அச்சிட்ட நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் என் மனைவி பென்சிலால் எழுதிய குறிப்பு இது. தினமும் காலையில் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்ததை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். அந்த ஆடி மாதத்திலிருந்து அடுத்த பங்குனி வரை டின்னில் உள்ள தாள்களில் பாதிக்கு மேல் அவள் கையெழுத்து இருக்கிறது. இதை எழுதும்போது நினைவை நம்பாமல் அந்தத் தாள்களையே பெரும்பாலும் நம்பியிருக்கிறேன்.

தேதி பார்ப்பது எனக்குத் தொழில்வழி வந்தது. சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருக்கிறேன். பங்காருபாளையத்திலிருந்து எந்தத் தேதியில் வந்த காய், எந்தத் தேதியில் பழுத்தது, எந்தத் தேதியில் டிரம்மில் அடைபட்டது என்று எழுதி எழுதி, வீட்டில் பால் காய்ச்சினால்கூடத் தேதி போடுகிற ஆளாகிவிட்டேன். குடியிருப்பது திருப்பதியில். காலை ரயிலில் பாகாலா வழியாகச் சித்தூர் போய், மாலையில் அதே வழியில் திரும்புவேன். என் மனைவி எதிர்த்திசையில் போகிறவள். எங்கள் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஸ்ரீ சிட்டிக்குப் போவாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை.

அந்த ஜூன் மாதத்தில் அவள் தொழிற்சாலையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். லைனில் வேலை செய்கிறவர்களை, சம்பளத்தைப் பிடிக்காமல், வாரக் கடைசியில் டிப்ளமோ படிக்க வைக்கும் திட்டம். முடித்தவர்களுக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் இடம். நிபந்தனை இரண்டு: கணக்குப் பாடத்தோடு இண்டர் (ஆந்திராவில் பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) தேறியிருக்க வேண்டும், சேரும் ஆண்டின் ஜூலை முதல் தேதியில் முப்பத்தெட்டு நிறைந்திருக்கக் கூடாது. அவள் பிறந்தது 1986 செப்டம்பர். ஆகவே 2024 ஜூலை வகுப்பில் சேர முடிந்தால் உண்டு. அதற்கடுத்த ஜூலை அவளுக்குக் கிடையாது. அறிவிப்பை அவள் போனில் படம் பிடித்து வந்து காட்டிய அன்றே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"எனுக்குத் தெரியாதா? நீ சொன்னாத்தான் வயசு ஏறுமா?" என்றாள்.

அவள் கவலை வயசைப் பற்றியது அல்ல, இண்டரைப் பற்றியது. அவள் நகரிக்காரி. என் மாமன் மகள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து, கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள். இண்டருக்கு வந்தபோது தமிழ் மீடியம் கிடையாது, தெலுங்கில் சேர்ந்தாள். இருபடிச் சமன்பாடு என்று அவள் கரைத்துக் குடித்திருந்த ஒன்றைக் கரும்பலகையில் 'வர்க சமீகரணம்' என்று எழுதியபோது, இது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்துத் தசரா விடுமுறை வரை பயந்திருந்தாளாம். எல்லைக் கிராமங்களில் இப்படிப் பயந்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும், நானும் ஒருவன். மற்றப் பாடங்கள் தேறின. 2003 மார்ச்சில் எழுதிய ஒரு கணக்குத் தாள் போயிற்று. அந்தத் தாளை அவள் மறுபடி எழுதவே இல்லை. ஏன் என்று கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பழைய இண்டர் காலாவதியாகிவிட்டது. ஓப்பன் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்து ஐந்து பாடம் எழுத வேண்டும். சேர்ந்தாள். மற்ற நான்கைப் பஸ்ஸில் படித்துக்கொள்கிறேன் என்றாள். கணக்கை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. நான் சொல்லிக்கொடுக்கிறவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இண்டருக்குப் பிறகு நான் படித்தது சரித்திரம். புத்தகத்தைத் திறந்தபோது இரண்டு பேரும் ஒரே பக்கத்தில்தான் திணறினோம்.

தினமும் ஒரு கணக்கு என்பது ஏற்பாடு. காலையில் பஸ்ஸுக்கு முன் ஆரம்பிப்போம். முடியாததை அவள் பஸ்ஸிலும் நான் ரயிலிலும் தொடர்வோம். நான் சந்திரகிரி தாண்டும் வேளையில் தாளைப் படம் எடுத்து அனுப்புவேன். தடாவை நெருங்கும்போது அவளிடமிருந்து பதில் வரும். பெரும்பாலும் ஒரே சொல்: "தப்பு." யாருடையது தப்பு என்பதைச் சாயங்காலம் பேசிக்கொள்வோம்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சத்தியவேடுப் பெண், அவளைவிடப் பத்து வயது சின்னவள். நோட்டு குலுங்கக் குலுங்க இவள் எழுதுவதைப் பார்த்து, "அக்கா, எக்ஸு இன்னிக்கினா கெடச்சானா? இத்தினி மாசமா தேடிக்கினே கீறே, பேசாம போலீஸ்ல எழுதிக் குடு" என்பாளாம். இதைச் சொல்லும்போது என் மனைவியும் சிரிப்பாள். அந்தப் பெண்தான் பிறகு, பஸ் மேடுபள்ளத்தில் போகும்போது நோட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தவள்.

முதல் சண்டை ஆகஸ்ட் மாதத்தில், அல்ஜீப்ராவில். சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனால் கூட்டல் கழித்தலாகும் என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

"அந்தாண்ட போனா இன்னாத்துக்கு மாறுது?"

அது விதி என்றேன்.

"ரோட்ட தாண்டி அந்தாண்ட போனா ஆளே மாறிப்பூடுவாளா? இன்னா மாமா சொல்றே நீ."

 அன்று ரயிலில் போகும்போது, தொழிற்சாலை எடைமேடையில் லாரியை முதலில் சரக்கோடும் பிறகு காலியாகவும் நிறுப்பதை நினைத்துக்கொண்டேன். சமக்குறி ஒரு தராசு. எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு தட்டிலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம். ஒரு தட்டில் அது மறைகிறது, மறு தட்டில் குறைந்ததாகத் தெரிகிறது. இவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதில், பாகாலாவுக்கு முந்தைய ஸ்டேஷனில் எனக்கு இது விளங்கியது. போனில் அனுப்பினேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்று பதில் வந்தது. அன்றைய தாளில் அவள் எழுதியிருப்பது: "சமக்குறி புரிந்தது. கணக்கு மூன்று. மூன்றும் சரி."

அக்டோபர் முழுக்கத் திரிகோணமிதி. சைன், காஸ், டேன் மூன்றும் அவளுக்குப் பிடித்திருந்தன. எந்தப் பக்கத்தை எதனால் வகுப்பது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, லைனில் வரும் பாகங்கள் மாதிரி என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று, பாகைமானியில் நூல் கட்டி, நூல்முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, தெருக்கோடியில் இருக்கும் செல்போன் டவரின் உச்சியைப் பார்த்தபடி பின்வாங்கிக்கொண்டே போனாள். கோணம் நாற்பத்தைந்து காட்டும் இடத்தில் நின்றுவிட்டால், டவர் வரைக்கும் உள்ள தூரமும், அவள் கண்ணுக்கு மேல் டவரின் உயரமும் ஒன்றுதான். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். "இன்னாப்பா, எடம் அளக்குறீங்களா? யாரு வாங்கப் போறது?" என்று கேட்டார். டவரை அளக்கிறோம் என்று சொன்னேன். "டவர் நம்மளுது இல்லியே" என்றார், இன்னும் கவலையாக. உயரம் கிடைத்தது. தாளில் இருக்கிறது. சரிதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாததால் இங்கே எழுதவில்லை.

இந்த இடத்தில் லெக்சரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் என்னோடு காலை ரயிலில் வருகிறவர். பாகாலாவில் ஒரு டுடோரியலில் கணக்கு எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் ஓப்பன் ஸ்கூல் ஸ்டடி சென்டருக்கும் வருவார்; அங்கேதான் என் மனைவிக்கும் வகுப்பு. தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். நல்ல மனிதர். நவம்பர் கடைசியில் அவளிடம் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். அதில் ஏழு பெரிய கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்.

"ஏழு லாங் ஆன்ஸர் அம்மா. பை-ஹார்ட் பண்ணிடுங்க. அஞ்சாவது வரும், கண்டிப்பா வரும். அந்தே, அவ்ளோதான், பாஸ்."

கணக்கை மனப்பாடம் செய்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. சித்தூரிலும் திருப்பதியிலும் எந்த டுடோரியலுக்கும் ஸ்டார் போட்ட தாள் ஒன்று உண்டு. அதில் தேறி வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அதுவும் மொழி மாறிப் படிக்கிறவர்களுக்கு மனப்பாடம்தான் பெரிய துணை. சொல் புரியாவிட்டாலும் வரிசை புரியும். வரிசையைப் பிடித்துக்கொண்டே ஒரு பக்கத்தை நிரப்பிவிடலாம். அவளும் டிசம்பர் முழுக்க அந்த ஏழையும் எழுதி எழுதிப் பார்த்தாள். அந்த மாதத் தாள்களில் "சரி" என்ற சொல் மட்டுமே வருகிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது கணக்கு நுண்கணிதம். எண்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் தகடு ஒன்று. நான்கு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை மடித்து நிமிர்த்தினால் மூடியில்லாத பெட்டி. எவ்வளவு வெட்டினால் பெட்டி அதிகம் கொள்ளும்? வெட்டும் அளவுதான் எக்ஸ். கொள்ளளவை எக்ஸில் எழுதி, வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் இரண்டு விடை வரும்: 30, 20/3. முப்பதைத் தள்ளிவிட வேண்டும். 20/3 என்பது விடை. அவள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள்.

ஜனவரியில் சங்கராந்திக்கு நகரி போனோம். மாமா வீட்டில் பவர்லூம் ஓடாத நாட்கள் வருடத்தில் சில. அவற்றில் இது ஒன்று. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. பண்டிகைக்கு மறுநாள் காலை, அவளைச் சும்மா சோதிக்கலாம் என்று ஐந்தாவது கணக்கையே எண்ணை மாற்றிக் கொடுத்தேன். துண்டு அடுக்கி விற்கும் சிறிய அட்டைப் பெட்டிகள் மூலையில் கிடந்தன. ஒரு மூடியின் விளிம்பை நறுக்கித் தட்டையாக்கி அளந்தேன். இருபத்து நான்கு, பதினைந்து. அதையே கணக்கில் போட்டேன்.

அவள் ஒரு பக்கம் எழுதி நீட்டினாள். அழகான கையெழுத்து, ஓர் அடித்தல் இல்லை. கடைசி வரியில் 20/3, கட்டம் போட்டு.

நான் கொடுத்த இருபத்து நான்கும் பதினைந்தும் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. எண்பதும் முப்பதும்தான் இருந்தன.

காட்டினேன். தாளை வாங்கி எண்பதைச் சுற்றியும் முப்பதைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டாள். விளையாட்டுக்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அன்னிக்கும் இப்டித்தான்" என்றாள்.

2003 மார்ச்சில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பியபோது தகடு, சதுரம், பெட்டி என்ற சொற்களைப் பார்த்தாளாம். மனப்பாடமாக இருந்த எண்பதுக்கு முப்பதுக் கணக்கோடு பேனா தானாக ஓடியது. எல்லாரையும்விட முதலில் முடித்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த சிநேகிதி விடையைச் சொன்னபோதுதான் எண்கள் வேறு என்று தெரிந்தது. மற்றப் பெரிய கணக்குகளிலும் அப்படியேதான் செய்திருந்தாள். தெரியாமல் தோற்றிருந்தால் மறுபடி எழுதியிருப்பாளாம். தெரியும் என்று நினைத்துக்கொண்டு தோற்றதால், இனி எதைத் தெரியும் என்று நம்புவது என்ற பயம் வந்துவிட்டது.

"ஏழும் இப்போ அப்டித்தான் எனுக்குத் தெரியும். நெம்பர மாத்திட்டா ஒண்ணும் தெரியாது. மார்ச்ல மறுபடியும் அதே மரத்தடிதான்."

தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஏழையும் அப்படியே வைத்துக்கொண்டு, எண் மாறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். அல்லது மனப்பாடத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். முடியாமல் போனால் இரண்டும் கையில் இருக்காது, ஜூலையும் போய்விடும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. 

அவள் எழுந்து போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். மூலையில் கிடந்தவற்றில் ஒரே அளவாக ஐந்து மூடிகளை எடுத்தாள். முதல் அட்டையில் நான்கு மூலையிலும் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி மடித்து ஒட்டினாள். அடுத்ததில் இரண்டு சென்டிமீட்டர், அதற்கடுத்து மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து பெட்டிகளும் வரிசையாக நின்றன. முதலாவது தாம்பாளம் மாதிரி அகலமாகவும் தட்டையாகவும் இருந்தது. கடைசி குறுகி ஆழமாக. பண்டிகைக்கு வாங்கிய பொரி ஒரு பை இருந்தது. பெட்டி நிறையப் பொரியைத் தலைதட்டிக் கொட்டி, சின்ன டம்ளரால் அளந்தாள். நான் எழுதிக்கொண்டேன்.

மாமா வந்து பார்த்தார். "பொரிய துன்னுவாங்களா, அளப்பாங்களா?" என்று மகளிடம் கேட்டார்.

"கொஞ்ச நேரம் இரு நைனா. அளந்துட்டுத் தரேன்."

ஒன்றைவிட இரண்டு அதிகம் கொண்டது. இரண்டைவிட மூன்று சற்று அதிகம். நான்கில் குறைந்தது. ஐந்தில் நன்றாகவே குறைந்தது. ஏறி, ஒரு இடத்தில் நின்று, இறங்குகிறது. அந்த நிற்கிற இடத்தைத்தான் வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமம் என்று எழுதுகிறோம் என்பது, பொரி சிதறிய அந்தத் தரையில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. பிறகு தாளில் போட்டாள். இந்த முறை இருபத்து நான்கும் பதினைந்தும் வந்தன. விடைகள் 3, 10.

"பத்து எங்கே வெட்றது?" என்று அட்டையைக் கையில் எடுத்தாள். "இந்தாண்ட பத்து, அந்தாண்ட பத்து. அகலமே பதினஞ்சுதான் கீது. அட்டையே மிஞ்சாது." அட்டையைக் கீழே வைத்து, "முப்பத தள்ளுன்னு ஏன் சொன்னாங்கன்னு இப்பத்தான் தெரியுது. முப்பது அகலத்துல ரெண்டு முப்பது எப்டி வெட்டுவ? இருவது வருசமா சும்மா தள்ளிக்கினு இருந்திருக்கேன்" என்றாள்.

அன்றைய தாளில் எழுதியிருப்பது: "கணக்கு ஒன்று. சரி. நைனா பொரி தின்றார்."

அடுத்த ஞாயிறு வகுப்பில் அவள் லெக்சரரிடம் ஜெராக்ஸ் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ரயிலில் அவர் என்னிடம் வருத்தப்பட்டார். இவ்வளவு நெருக்கத்தில் முறையை மாற்றினால் ஆபத்து, பாஸ் ஆக வேண்டியவர், நீங்களாவது சொல்லக் கூடாதா என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் பெட்டியை எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பாகாலா வரும் வரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "சரி, அம்மாகிட்ட சொல்லுங்க, நான் நெம்பர் மாத்தித் தரேன்" என்றார். பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரியில் எல்லா ஞாயிறும் வகுப்பு முடிவில் பலகையில் ஒரு கணக்கை எழுதி எண்ணை மட்டும் மாற்றுவார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்து போனார்கள், சிலர் இருந்தார்கள். அந்த மாதத் தாள்களில் "தப்பு" மறுபடி நிறைய வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜூலைத் தாளில் தப்பு என்று மட்டும் இருந்தது. பிப்ரவரியில் "தப்பு, கழித்தல் குறி விட்டுப்போச்சு", "தப்பு, பாதியில் எக்ஸை மறந்தேன்", "தப்பு, அவர் கொடுத்த எண்ணே தப்பு" என்று எழுதியிருக்கிறாள். மூன்றாவது உண்மைதான், லெக்சரரே ஒப்புக்கொண்டார்.

தேர்வு மார்ச் பிற்பாதியில், திருப்பதியில். கணக்குத் தேர்வன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முதலில் வெளியே வந்தவர்களில் அவள் இல்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். கடைசி மணி அடித்த பிறகே வந்தாள். தண்ணீர் குடித்தாள். நடந்துகொண்டே சொன்னாள்.

"பெட்டிக் கணக்கு வந்துச்சு மாமா."

எந்த எண் என்று கேட்டேன்.

"பதினாறுக்குப் பத்து."

அவள் அங்கேயே நின்று கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தாள். ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்ததைக் காட்டினாள். கொள்ளளவை எழுதி, வகையிட்டு, காரணிப்படுத்தியிருந்தாள். இரண்டு விடை: 2, 20/3.

 அதே 20/3. எண்பதுக்கு முப்பதில் எதை விடை என்று எழுதி எழுதிக் கை பழகியதோ, அதே பின்னம் இந்தக் கணக்கில் இரண்டாவது விடையாக வந்து நிற்கிறது.

"பாத்ததும் கை அங்கேதான் போச்சு" என்றாள். "பழகின ஆளு எதிர்ல வந்து நின்ன மாதிரி. கட்டம்கூடப் போட்டேன் அத சுத்தி. அப்பறம் அட்டைய நெனச்சேன். பத்து அகலம். இந்தாண்ட ஆறே முக்கால் மாதிரி, அந்தாண்ட ஆறே முக்கால். எங்கே வெட்றது? அடிச்சிட்டு ரெண்டுன்னு எழுதினேன். ஏன் தள்ளினேன்னும் ஒரு வரி எழுதிட்டேன்."

இரண்டு சரியான விடை. நான் அங்கேயே மனத்தில் போட்டுப் பார்த்தேன். ரயிலில் மறுநாள் தாளிலும் போட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்றும் சொன்னாள். 2003-இல் வந்த தாளிலும் எண்கள் இவையேதான், பதினாறு, பத்து. கேள்வித்தாளைத் திருப்பியபோதே அடையாளம் தெரிந்துவிட்டதாம். வேப்பமரத்தடியில் சிநேகிதி சொன்ன விடையும் இரண்டுதான் என்கிறாள்.

தேர்வு முடிவு கோடையில் வந்தது. பஸ்ஸில் இருக்கும்போது போனில் பார்த்தாள். அவளுக்கு முன்னால் சத்தியவேடுப் பெண் பார்த்துவிட்டு, "அக்கா, எக்ஸு மாட்டிக்கினான்" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாளாம். ஐந்து பாடமும் பாஸ். நான் அப்போது எடைமேடையில் இருந்தேன். அன்று அடைபட்ட டிரம்களில் ஒன்றுக்கு மறுநாள் தேதியைப் போட்டுவிட்டு, பிறகு பார்த்துத் திருத்தினேன்.

ஜூலை முதல் வாரத்தில் டிப்ளமோ வகுப்பு ஆரம்பமாயிற்று. வகுப்பில் வயதில் மூத்தவள் அவள்தான். சத்தியவேடுப் பெண் அடுத்த வருடம் சேர்ந்தாள். இப்போது பஸ்ஸில் இரண்டு நோட்டுகள் குலுங்குகின்றன. லெக்சரர் அந்தப் பெட்டியை டுடோரியலில் மேஜைமேல் வைத்திருப்பதாகச் சொல்கிறார். அதில் சாக்பீஸ் போட்டு வைத்திருக்கிறாராம். ஜெராக்ஸ் தாள் இன்னும் கொடுக்கிறார். ஆனால் எண் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு. காலையில் கணக்கு அனுப்புவது இப்போது அவள் முறை. நான் பாகாலா வருவதற்குள் போட்டு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் "தப்பு" என்று பதில் வருகிறது, காரணத்தோடு.

ஒன்று மட்டும் முடியாமல் இருக்கிறது. 2003 மார்ச் தாளில் இருந்த எண்கள் பதினாறும் பத்துமா என்பதை நான் தேடிப் பார்த்தேன். திருப்பதியில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டேன். சித்தூரில் பழைய கேள்வித்தாள் சேர்த்துக் கட்டிய கைடுகளைப் புரட்டினேன். லெக்சரரின் கட்டு அதற்குப் பிந்தைய ஆண்டிலிருந்து ஆரம்பிக்கிறது. அந்தச் சிநேகிதி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஓர் எண்ணை, அதைப் படிக்காமலே விடை எழுதிய ஒருத்தி, இன்று நினைவு வைத்திருக்க முடியுமா என்று ஒரு முறை கேட்டேன். "படிக்காம உட்டதாலதான் மறக்கல" என்றாள். அது அவள் வாக்குமூலம், அப்படியே பதிகிறேன். தாள் கைக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும் தேதி வரை உறுதியாகவில்லை.